கால்சினேசன்: ‘காற்றில்லா வறுத்தல்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் உலோகவியல் கலைச்சொல் பட்டியலில் இளக்கி, கசடு இரண்டும் முடிந்தன. தொங்கிக்கொண்டிருப்பது கால்சினேசன் (calcination), அதாவது தாதுவைச் சுட்டு அதிலுள்ள வாயுவையோ நீரையோ பிரித்துப் போக்குவது. பாடநூல் வழக்கு ‘காற்றில்லா வறுத்தல்’. அதைக் கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

வறுத்தலில் காற்று வினைபடுபொருள். துத்தநாக சல்பைடை 900–950 டிகிரி செல்சியசில் வறுத்தால் கந்தகம் டைஆக்சைடு வாயுவாகப் போய், துத்தநாக ஆக்சைடு நிற்கும். சூடு குறைந்தால் ஒரு பங்கு சல்பேட்டாகத் தங்கிவிடும். மீறினால் துகள்கள் இளகி ஒட்டி, உள்ளே கந்தகம் சிக்கிக்கொள்ளும். வினைத்திறன் வரிசையில் அடியில் இருக்கும் பாதரசத்துக்கு, ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் அடுத்த படிகூட வேண்டாம்; அதன் சல்பைடுத் தாதுவான சாதிலிங்கத்தைக் காற்றில் சூடேற்றினாலே உலோகம் ஆவியாக வந்துவிடும்.

கால்சினேசனில் கனிமம் தானாகச் சிதைகிறது. காற்றுக்கு அந்த வினையில் பங்கில்லை, அவ்வளவுதான். உலைக்குள் காற்றே கூடாது என்று யார் சொன்னது? நம் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாயைப் பாருங்கள். கல்லும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கி, அடியில் காற்றுக்கண் விட்டுத்தான் கொளுத்துகிறார்கள். எரிய மட்டுமல்ல, பிரிந்த கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு போகவும் அந்த இழுப்பு வேண்டும். வாயு கல்லைச் சுற்றித் தேங்கினால் சுமார் 900 டிகிரி தொட்டால்தான் சிதைவு நகரும். விலகிக்கொண்டே இருந்தால் அதற்குக் கீழேயும் நடக்கும். காற்றுக்கண் அடைத்த காளவாயில் வெளியே வெந்து நடுவில் பச்சையாக இருக்கும் கல் இதனால்தான். ‘காற்றில்லா’ என்று படித்த மாணவன் இதைக் கண்டால் குழம்புவான்.

என் பரிந்துரை: நீற்றல். சித்த மருத்துவத்தில் உலோகத்தையும் சிப்பியையும் சுட்டுப் பற்பமாக்குவதற்கு இருக்கிற சொல்.

———

ஐயா,

‘காற்றில்லா’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரிங்க. ‘நீற்றல்’ மட்டும் வேண்டாம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவதைத்தான் ஈரோடு, நாமக்கல் பக்கம் நீற்றுவது என்கிறோம். பாடநூலிலும் ‘நீற்றிய சுண்ணாம்பு’ என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரே அட்டவணையில் கல்லைச் சுடுவதும் நீற்றல், சுட்டதில் நீர் ஊற்றுவதும் நீற்றல் என்று வைத்தால் கணக்கே போய்விடும். முதலாவதில் 100 கிலோ கல் 56 கிலோ ஆகிறது. இரண்டாவதில் அந்த 56 கிலோ 74 ஆகிறது. திசையே வேறு.

காளவாய்க்காரர்கள் கையில் இருக்கும் சொல் ‘சுடுதல்’. அதையே எடுத்து, எதற்காகச் சுடுகிறோம் என்பதையும் ஒட்டி ‘சுட்டுக்கழித்தல்’ எனலாமே? கழிவது எதுவாகவும் இருக்கலாம். மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலத்தில் சேர்வராயன், கொல்லிமலை பாக்சைட்டைக் காரத்தில் கரைத்து, வீழ்படிவாக்கிய ஹைட்ராக்சைடை 1000 டிகிரிக்கு மேல் சுட வேண்டியிருந்தது. அங்கே கழிவது தண்ணீர்: 156 கிலோவுக்கு 54 கிலோ. அரைகுறையாகச் சுட்டு ஈரம் தங்கினால் மின்பகுப்புத் தொட்டியில் உருகிய கிரயோலைட்டோடு (ஃபுளூரின் அடங்கிய உப்பு) சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு கிளம்பும். அந்த வாயு கிரயோலைட்டுக்கும் இழப்பு, ஆளுக்கும் ஆபத்து.

———

வணக்கம். சுட்டுக்கழித்தலுக்கு என் வாக்கு. ஆனால் சேலத்து மேக்னசைட்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம், அங்கே ஒரு சொல் போதாது.

வெள்ளைக்கல் என்கிற இந்த மக்னீசியம் கார்பனேட்டில் 100 கிலோவுக்குச் சுமார் 48 கிலோ மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) நிற்கும். 700–1000 டிகிரியில் நிறுத்தினால் அது இன்னும் நீரோடும் அமிலத்தோடும் வினைபுரியும். 1600–1800க்கு ஏற்றினால் படிகம் பெருத்து, துளைகள் மூடி, செத்த கல்லாகிவிடும். எஃகு உலைக்கு உட்பூச்சுச் செங்கல் ஆவது இதுதான். கழிய வேண்டிய வாயு முதல் கட்டத்திலேயே கழிந்துவிட்டது, ஆகவே இரண்டாவதைச் சுட்டுக்கழித்தல் என்பது பொருந்தாது. இளஞ்சுடல், முறுகச்சுடல் என்று இரண்டு துணைச்சொற்கள் சேர்க்கலாம். ‘முறுக’ தோசையை நினைவூட்டும் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், பொருள் தப்பாது.

வினைத்திறன் வரிசை பற்றிய பகுதியில் எடுத்துக்காட்டாக மக்னீசியத்தையே வையுங்கள். கார்பனுக்கு மேலே இருப்பதால் கோக் கரி போட்டு எளிதில் எடுக்க முடியாது. 1850 டிகிரி வரை ஏற்றி எடுத்தாலும் குளிரும்போது ஆவி கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து மறுபடி ஆக்சைடாகும். கார்பனுக்குப் பதில் சிலிக்கானை வைத்து மக்னீசியம் எடுக்கும் பிட்ஜன் முறையில், சுட்ட டோலமைட்டோடு (கால்சியம், மக்னீசியம் கார்பனேட் கல்) ஃபெரோசிலிக்கான் (இரும்பு, சிலிக்கான் கலவை) தூள் கலந்து வில்லைகளாக அழுத்தி, வெற்றிடக் குழாயில் சுமார் 1200 டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். டோலமைட் சரியாகச் சுடாமல் கார்பன் டைஆக்சைடு மிஞ்சியிருந்தால் வெற்றிடமும் கெடும், வந்த மக்னீசியமும் அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சுட்டதைத் திறந்து போட்டு ஈரம் இழுத்தாலும் இதே கதி. சூடு ஆறியதும் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும்.

பட்டியலுக்கு நான் எழுதும் பதிவு:

சுட்டுக்கழித்தல்: தாது உருகாத சூட்டில் அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு, நீர் முதலியவை பிரிந்து போகச் சுடுதல். உலையில் காற்று இருக்கலாம். கனிமத்தோடு அது வினைபுரிவதில்லை. பழைய வழக்கு: காற்றில்லா வறுத்தல்.

பழைய வழக்கை அடைப்பில் இரண்டு பதிப்புக்காவது விட்டு வைக்கலாம், தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘வறுத்தல்’ அப்படியே இருக்கட்டும்.