முட்டை போடுவது எப்படிப் பாலூட்டி ஆகும்? மகளின் ஒரு மார்க் போன கதை

மண்டபத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஏழாவது படிக்கிற மகளுக்குப் பரீட்சையில் 'பாலூட்டிகள் எல்லாம் குட்டி போடும், சரியா தவறா' என்று கேட்டிருக்கிறார்கள். இவள் 'தவறு, பிளாட்டிபஸ் முட்டை போடும்' என்று எழுதி ஒரு மார்க்கை விட்டுவிட்டு வந்து அழுகிறாள். பிளாட்டிபஸ் ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு விலங்காம்.

எனக்கே குழப்பம்தான். நான் கருவாடு போடுகிறவள். போன வாரம் ஒரு பால் சுறாவை அறுத்தால் வயிற்றுக்குள் மூன்று குட்டி, தொப்புள்கொடியோடு. குட்டி போடுகிற அது மீனாம், முட்டை போடுகிற இது பாலூட்டியாம். இவள் பிறந்தபோது பால் ஊறட்டும் என்று மாமியார் பால் சுறாவைத்தான் புட்டு செய்து போட்டார். பேரில் பாலை வைத்துக்கொண்டு அது மீனாகவே இருக்கிறதே! யாராவது விளக்குங்கள்.

தொண்டி தம்பி:
அக்கா, பிளாட்டிபஸ் படத்தைப் பார்த்தேன். வாத்து மூக்கு, நீர்நாய் உடம்பு, தட்டை வால். யாரோ ஒட்டுப்போட்டு விட்ட படம். மார்க் போனது போகட்டும், விடுங்கள்.

பரமக்குடி விலங்கியல்:
தம்பி, உங்களுக்கு முன்னாடியே ஒருவருக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. 1799-இல் லண்டனில் ஜார்ஜ் ஷா என்பவர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தோலைப் பார்த்து யாரோ தைத்து அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தார். தையல் இல்லை. அது முட்டைதான் போடுகிறது என்று கால்டுவெல் என்ற ஆய்வாளர் உறுதி செய்ய 1884 ஆகிவிட்டது. (நம்ம ஊர் பாதிரியார் கால்டுவெல் இல்லை, இவர் வேறு.)

அக்கா, உங்கள் மகள் எழுதியதுதான் சரி. பாலூட்டி என்று வைப்பது பாலையும் உடம்பு முடியையும் பார்த்துத்தான், குட்டியைப் பார்த்து அல்ல. பிளாட்டிபஸுக்குக் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசியும், குஞ்சு அங்கேயே குடித்துக்கொள்ளும். முட்டை போடுகிற இந்தக் கூட்டத்தில் இன்று மிச்சம் பிளாட்டிபஸும், உடம்பெல்லாம் முள் உள்ள எக்கிட்னாக்களும் மட்டும்தான். மற்ற பாலூட்டிகளிடமிருந்து இவை பிரிந்து 16 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதாவது நம் வழியில் முதலில் வந்தது பால், குட்டி போடுவது அப்புறம். பறவைக்கும் விலங்குக்கும் நடுவில் நிற்கிற பிராணி என்று சிலர் சொல்வது தப்பு. அந்த அலகு வாத்தின் அலகு மாதிரி கெட்டியானது அல்ல, மெத்தென்ற தோல்.

சுறா கதை வேறு. கொடி வைத்துக் குட்டி போட அதுவும் தனியாகக் கற்றுக்கொண்டது. ஆனால் பால் இல்லை, செவுளால் மூச்சு விடுகிறது. அதனால் மீன். உங்கள் பக்கத்து ஆவுளியா (கடல்பசு) மேலே வந்து மூச்சு வாங்கும், துடுப்புக்கு அடியில் காம்பு வைத்துப் பாலும் கொடுக்கும். அது பிளாட்டிபஸுக்குத் தூரத்துச் சொந்தம்.

கீழக்கரை வலை:
ஆண் பிளாட்டிபஸுக்குப் பின்னங்காலில் விஷ முள் உண்டாம். குத்தினால் மார்ஃபின் என்கிற கடுமையான வலி மருந்துக்கே வலி அடங்காதாம். எனக்குத் திருக்கை முள் ஏறி, பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அலறியது ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு, இரையின் உடம்பில் ஓடுகிற மின்சாரத்தை அலகாலேயே பிடித்துவிடுமாம். அந்த வித்தை சுறாவுக்கும் திருக்கைக்கும் உண்டு. பாலூட்டியில் கேட்பது இப்போதுதான்.

மண்டபத்துக்காரி:
நன்றி தம்பிகளா. இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு நாளைக்கு டீச்சரிடம் காட்டப் போகிறாளாம். சண்டை போடாமல் கேள் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது உப்புத் தண்ணீரிலா இருக்கும்?" என்றார். இல்லை, ஆறு, ஓடைதான் என்றேன். "அப்ப நம்ம வலைக்கு வராது" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். காலையில் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகணும்.