கேப்பிட்டல் லெட்டர் எங்கே, ஏன்? சேலத்தில் கண்ணில் படும் பிழைகள்

செவ்வாய்ப்பேட்டை, டிடிபி:

கடைக்கு வர்ற இங்கிலீஷ் மேட்டரில் ஸ்பெல்லிங்கைவிடக் கேப்பிட்டலில்தான் அதிகம் கை வைக்க வேண்டியிருக்கு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. வாசித்துக் காட்டினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் நம்ம ஆட்கள் மரியாதையை வைத்து முடிவு பண்ணிடறாங்க. பிரின்சிபல், டாக்டர், மதர் எங்கே வந்தாலும் முதல் எழுத்து பெரிசு. ஆனால் இங்கிலீஷ் பார்ப்பது ஒன்றைத்தான்: அது பெயரா, வகையா?

'கலெக்டர்' ஒருவர் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டி வந்தால் பெரிய சி. வாக்கியத்தின் நடுவில் 'தி கலெக்டர்' என்று மட்டும் வந்தால் சின்ன சி. 'மை மதர்' என்றால் சின்ன எம். 'மை'யை எடுத்துவிட்டு 'ஐ டோல்ட் மதர்' என்று பெயர் மாதிரி எழுதினால் பெரிய எம்.

ஏற்காடு, ஆங்கிலப் பாடம்:

டிடிபி அண்ணா மேலே சொன்ன 'பெயரா, வகையா' சோதனை ஊர்ப் பெயர்களுக்கும் பொருந்தும். 'ஷெவராய் ஹில்ஸ்' முழுப்பெயர், எஸ், ஹெச் இரண்டும் பெரிசு. அடுத்த வரியில் 'தி ஹில்ஸ்' என்று சுருக்கினால் ஹெச் சின்னது. 'ஏற்காடு லேக்'கும் 'தி லேக்'கும் அப்படித்தான்.

கோடை விழா நோட்டீஸில் ஒரே சொல் இரண்டு விதமாக வரும். 'சம்மர் ஃபெஸ்டிவல்' விழாவின் பெயர், அதனால் எஸ், எஃப் பெரிசு. 'இன் சம்மர்' பருவம், சின்ன எஸ். மே, ஞாயிறு போன்ற மாதம், கிழமைக்கு எப்போதும் பெரிசு, பருவத்துக்கு இல்லை. தமிழ், இங்கிலீஷ் என்ற மொழிப் பெயருக்குப் பெரிசு, மேத்ஸ், காமர்ஸ் சின்னது.

காபித் தோட்டத்துப் பலகைகளில் கவனிக்க வேண்டியது செடியின் லத்தீன் பெயர். 'காஃபியா அராபிகா'வில் முன்சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில். மாம்பழத்தின் 'மாஞ்சிஃபெரா இண்டிகா'வில் இண்டிகா நம் நாட்டுப் பெயரிலிருந்தே வந்திருந்தாலும் ஐ சின்னதுதான்! கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

லீவ் லெட்டரில் முடிவு வரியைப் பாருங்கள். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் ஒய் மட்டும் பெரிசு. பத்துக்கு எட்டுப் பேர் எஃபையும் பெரிசாக்குகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஐந்து ரோடு, இ-சேவை:

இலக்கணத்தில் விட்டாலும் பாஸ்வேர்டில் விடாது சார். இ-ஆதார் பிடிஎஃப் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்து, எல்லாமே கேப்பிட்டல், பின்னால் பிறந்த வருஷம். ஆதாரில் இனிஷியல் முன்னால் புள்ளியோடு இருந்தால் அந்தப் புள்ளியும் ஒரு எழுத்துக் கணக்கு. இடைவெளி கணக்கில் வராது. 'பி. குமார்', 1990 என்றால் பி, புள்ளி, கே, யு, அப்புறம் 1990. நம்ம பக்கம் பாதி பேருக்கு இனிஷியல் முன்னாடிதான், அதனால் இங்கேதான் மாட்டிக்கிறாங்க.

வருமான வரித் துறை அனுப்பும் இன்டிமேஷன் பிடிஎஃப் பாஸ்வேர்ட் இதற்கு நேர் எதிர். பான் நம்பரின் எழுத்துக்களெல்லாம் சின்னதாக, அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். கார்டில் பெரிசாகத்தானே இருக்கு என்று பார்த்தே அடிப்பாங்க, திறக்காது. கேப்ஸ் லாக் விளக்கை முதலில் பாருங்க.

மேட்டூர், மின் வேலை:

அலகுகளில் கேப்பிட்டல் மாறினால் கணக்கே மாறும். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1440 மெகாவாட். அதில் பெரிய எம்முக்குப் பதில் சின்ன எம் போட்டால் மில்லிவாட், மொத்தமே 1.44 வாட், டார்ச் லைட் அளவு. கிலோகிராமுக்கு கே, ஜி இரண்டும் சின்னது. பெரிய கே வெப்பநிலை அலகான கெல்வின். மூட்டைகளில் பெரிசாக அச்சடிப்பது வழக்கம் என்பதற்காகச் சரியாகிவிடாது. வாட் ஆளின் பெயரால் வந்ததால் குறியீடு பெரிய டபிள்யூ. முழுச்சொல்லாக எழுதினால் சின்னது.

செவ்வாய்ப்பேட்டை, டிடிபி:

கல்யாணப் பத்திரிகைக்காரங்களுக்கு ஒண்ணு. வளைவு வளைவான ஸ்கிரிப்ட் ஃபான்ட்டில் முழுப் பெயரையும் கேப்பிட்டலில் போடச் சொல்லாதீங்க. அந்த ஃபான்ட்டில் பெரிய எழுத்து சொல்லின் தலையில் நிற்க வரைந்தது. வரிசையாக வைத்தால் சுருள் மேல் சுருள் ஏறி மாப்பிள்ளை பெயரே படிக்க வராது.

தலைப்பில் ஆஃப், தி, ஆண்ட் சின்னதாக இருக்கட்டும், அது முதல் சொல்லாக வந்தால் தவிர. ஆனால் 'இஸ்' சின்னச் சொல் என்று விட்டுடாதீங்க. அது வினைச்சொல், ஐ பெரிசு.

முழுக்கப் பெரிசாக அடித்து வந்த மேட்டரை மறுபடி அடிக்க வேண்டாம். வேர்டில் தேர்வு செய்து ஷிஃப்ட், எஃப்3 அழுத்தினால் மாறி மாறி வரும். ஆனால் பி.இ., எம்.ஏ. எல்லாம் அதோடு சேர்ந்து சின்னதாகிடும். இனிஷியலும் பட்டமும் கடைசியில் கையால் ஒரு முறை பார்த்தே ஆகணும்.