லீடிங் ஷூ: ‘முன்கட்டை’ வேண்டாம், ‘இறுகுகட்டை’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

டிரம் பிரேக்கின் இரண்டு ஷூக்களான லீடிங் ஷூ, ட்ரெய்லிங் ஷூ இரண்டுக்கும் தமிழில் ‘முன்கட்டை, பின்கட்டை’ என்று வைத்துவிடலாம் என நம் குழுவில் அண்ணன் முந்தாநாள் எழுதியிருந்தார். ‘கட்டை’ எனக்கு முழுச் சம்மதம். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகிய நமக்கு, ‘பிரேக் ஷூ’வை அப்படியே மொழிபெயர்த்த ‘தடைக்காலணி’ ஒட்டவே ஒட்டாது. ஆனால் முன், பின் என்பது தப்பான இடத்தில் கொண்டுபோய் விடும். இரண்டு நாளாகக் கையில் கிரீஸோடு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவின் ராஜ்தூத் 175 மோட்டார் சைக்கிள் பிரிந்து கிடக்கிறது. போலந்தின் எஸ்.எச்.எல். எம்11 வண்டியை அடியொற்றி எஸ்கார்ட்ஸ் இங்கே செய்த வண்டி. பல வருடம் மீன் பெட்டி சுமந்தது. பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து, பின் பிரேக் பிளேட் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஷூக்களை விரிக்கும் கேம் தண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் எடுத்தேன். (வீட்டில் பிரிப்பவர்களுக்கு ஒன்று: ஷூ மேல் ஒட்டிய பழைய லைனரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். டிரம்முக்குள் பிறை மாதிரி இரண்டு கட்டைகள். இரண்டும் ஒரு முனையில் ஆணியில் ஊன்றி நிற்கும். மறுமுனைகளுக்கு நடுவே இருக்கும் கேம் திரும்பும்போது இரண்டையும் விரித்து டிரம்மில் அழுத்தும். சுழலும் டிரம் ஒரு கட்டையைக் கேம் முனையிலிருந்து ஆணி முனைக்கு உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலே கட்டையை இழுத்து டிரம்மோடு இன்னும் நெருக்குகிறது. இதுதான் லீடிங் ஷூ. எதிர்க்கட்டையில் உரசல் ஆணியிலிருந்து கேமுக்கு வருகிறது. அதனால் கட்டையை டிரம்மைவிட்டு விலக்கப் பார்க்கிறது. கேம் விடாமல் தள்ளுவதால்தான் அது பிடிக்கிறது. இதுதான் ட்ரெய்லிங் ஷூ.

இப்போது வண்டியைப் பின்னால் உருட்டுங்கள். கட்டைகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, வேலை மட்டும் கைமாறிவிடுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு நழுவினால், நாம் ‘முன்கட்டை’ என்று பெயர் வைத்தது அந்த நொடியில் ட்ரெய்லிங் ஆகிவிடும். அதுபோகக் கேமும் ஆணியும் கிடைமட்டமாக அமைந்த பிரேக்கில் ஒரு கட்டை மேலே, ஒன்று கீழே. அங்கே முன் எது, பின் எது? இரண்டு கேம் வைத்து இரண்டு கட்டையையும் லீடிங் ஆக்கிய பிரேக்கை ‘இரட்டை முன்கட்டை’ என்றால் கேட்பவருக்கு ஒன்றுமே புரியாது. ஆகவே பெயர் இடத்தைச் சொல்லக்கூடாது, நடத்தையைச் சொல்ல வேண்டும்.

என் முன்மொழிவு: லீடிங் ஷூவுக்கு இறுகுகட்டை, ட்ரெய்லிங் ஷூவுக்கு நெகிழ்கட்டை.

‘இறுக்கு’ இல்லை, ‘இறுகு’. இறுக்குவது இன்னொருவர் செய்வது, இறுகுவது தானாக நடப்பது. கேம் கொடுப்பது தொடக்கம்தான், மீதியைக் கட்டை தானே இறுகி வாங்கிக்கொள்கிறது. அந்த ஒரு ‘க்’ போனதில் முழு இயக்கமும் வந்துவிடுகிறது. வினைத்தொகை என்பதால் வல்லினமும் மிகாது, வாயில் இடறாது. இரண்டு கேம் பிரேக்கை ‘இரட்டை இறுகுகட்டை பிரேக்’ என்று சொல்லிவிடலாம். பிரேக்கை பிரேக்காகவே விட்டுவிடுவோம், அது நம் சொல்லாகி ரொம்ப நாளாயிற்று.

இந்தச் சொற்களைச் சொன்னதும் அண்ணன் கேட்டது:

> தம்பி, ‘இறுகுகட்டை’ அருமை. ‘நெகிழ்கட்டை’தான் நெருடுகிறது. பிரேக்கே பிடிக்காத, தொளதொளத்த கட்டை என்று நினைத்துக்கொள்வார்களே? ‘துணைக்கட்டை’ என்றால் என்ன?

அண்ணன், ‘துணை’ என்றால் பின்னால் உருட்டும்போது எது துணை என்று மறுபடி கேள்வி வரும். நெகிழ்தல் கழன்றுபோவது இல்லை, பிடி தளர்வது. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா கடலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். டிரம்மை எங்கே தொடுகிறது என்று பார்க்கச் சாக்பீஸ் தடவிய கட்டையை மாட்டி, பிரேக்கை லேசாக அழுத்தியபடி சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றிக் காட்டினேன். “நங்கூரம் மாதிரில்ல இருக்கு! ஒரு பக்கம் இழுத்தா மண்ணுல இறுகும், படகு திரும்பி அந்தப் பக்கம் இழுத்தா நெகிழ்ந்து குடுத்துரும்” என்றார். இரண்டு சொல்லையும் அவர் வாயிலிருந்துதான் எடுத்தேன்.

கழற்றிப் பார்த்தால் சாக்பீஸ் கட்டையின் நடுவில் மட்டும் அழிந்திருந்தது, இரு முனையும் டிரம்மைத் தொடவில்லை. நடுவை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டிருக்கிறேன். இறுகுகட்டையின் கேம் முனை விளிம்பையும் கொஞ்சம் சாய்வாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் வெடுக்கென்று பிடிக்கும். அந்தச் சாய்வுக்கும் ஒரு சொல் வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.