மோலிக்கு ஒரு பக்கம்: என் முதல் கலைக்களஞ்சியக் கட்டுரை

டர்பனிலிருந்து:

அமெரிக்காவில் அறியப்பட்ட முதல் பெண் தீயணைப்பு வீரர் மோலி வில்லியம்ஸைப் பற்றி நான் முதலில் எழுதிய கட்டுரை 800 சொற்களுக்கு மேல். இன்று இணையக் கலைக்களஞ்சியத்தில் நிற்பது 190 சொற்கள். இடையில் போனது நான்கு மாதமும் என் கர்வத்தில் பாதியும்.

எல்லாம் ஒரு மீசையில் தொடங்கியது. இங்கே தென்னாப்பிரிக்காவில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தொழில்களின் பெயர் சொல்லிக்கொடுக்கப் பட அட்டைகள் வைத்திருக்கிறேன். மருத்துவர், தச்சர், கொத்தனார் என்று காட்டிக்கொண்டே வந்து 'தீயணைப்பு வீரர்' அட்டையை நீட்டினேன். அதில் முறுக்கு மீசையோடு ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்து நிற்பார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "என் அத்தையும் தீயணைப்பு நிலையத்தில்தான் வேலை செய்கிறார். அவருக்கு மீசை இல்லையே" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "முதன்முதலில் நெருப்பை அணைத்த பெண் யார் டீச்சர்?" என்று கேட்டாள். அடுப்பைக் கணக்கில் சேர்த்தால் பதில் சொல்லிவிடலாம். அவள் கேட்டது அதுவல்ல. ஈஸ்டர் காலத்தில் தீமிதிக்கிற பெண்களைப் பார்த்து வளர்கிற பிள்ளை. நெருப்பைக் கண்டு பெண் ஒதுங்குவாள் என்று அவளிடம் யாரும் கதைவிட முடியாது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

தேடினால் பெயர்கள் வந்தன. நாக்பூர் தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரியில் 2002இல் சேர்ந்த முதல் பெண் ஹர்ஷினி கன்ஹேகர். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீயை அணைக்கப் போய்க் கடுமையான தீக்காயம் பட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன். பெண்களை விலக்கிய உடற்தகுதித் தேர்வை எதிர்த்து வழக்காடி, 1982இல் நியூயார்க் தீயணைப்புத் துறையின் கதவைத் திறக்க வைத்த பிரெண்டா பெர்க்மன். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், அதே நியூயார்க்கில், ஒரு வரிச் செய்தியாக நின்றுகொண்டிருந்தார் மோலி வில்லியம்ஸ். தமிழில் அவரைப் பற்றி என் கண்ணில் எதுவும் படவில்லை. நாமே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். அதுவரை நான் கோயில் மலருக்கு வாழ்த்துரை எழுதியதோடு சரி.

அய்மார் என்ற வணிகர் குடும்பத்தில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண் மோலி. அந்தக் குடும்பத்துக்கு ஓஷியானஸ் என்ஜின் கம்பெனி எண் 11 என்ற தன்னார்வத் தீயணைப்புக் குழுவோடு தொடர்பு. 1818இல் பனிப்புயல் வீசிய ஒரு நாளில் தீ பற்றியது. குழுவின் ஆண்களோ இன்ஃபுளுவென்சா கண்டு படுக்கையில் கிடந்தார்கள். அந்தக் காலத்துப் பம்பு வண்டியை ஆட்கள்தான் வடம் பிடித்து இழுக்க வேண்டும். போன இடத்தில் ஆட்களே கைப்பிடியை ஏற்றி இறக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும். தேர் இழுத்தவர்களுக்கு அந்தக் கனம் புரியும். தேருக்காவது காலடியில் பனி இல்லை. மோலி போய் வடத்தைப் பிடித்தார். உடுத்தியிருந்தது காலிகோ கவுனும் கட்டம் போட்ட ஏப்ரனும். 'தன்னார்வலர் எண் 11' என்று குழுவினர் அவரை அழைத்தார்கள்.

இந்தக் 'காலிகோ'வில்தான் நான் வழுக்கி விழுந்தேன். காலிகோ என்றால் கள்ளிக்கோட்டை, இன்றைய கோழிக்கோடு. அங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். இது போதாதா எனக்கு? இரவு 11 மணிக்கு உட்கார்ந்து மலபார் நெசவாளி, கடல், பருத்திக்காட்டு அடிமை, பனியில் நகரும் வண்டி என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்து இரண்டு பத்தி எழுதினேன். என் கணவரே "நன்றாக இருக்கிறது" என்றார். என் சாம்பாரைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. பதிவேற்றி ஒரு மணி நேரம் ஆகவில்லை, யாரோ ஒரு பங்களிப்பாளர் இரண்டு பத்தியையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தார்: "அந்தத் துணி அங்கிருந்து வந்தது என்று யார் சொன்னது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் காபியோடு மறுபடி அந்த வரியைப் படித்தேன். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. 1818இல் காலிகோ என்பது வெறும் துணி வகையின் பெயர்; இங்கிலாந்து ஆலைகளே அதை நெய்து, பூவேலை அச்சிட்டு, உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தன. மோலியின் கவுன் கோழிக்கோட்டை எட்டிக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வாய்க்கு ருசியாக இருந்தது என்பதற்காக நான் அந்த அம்மாளின் உடம்பில் நம் ஊர்த் துணியைச் சுற்றியிருந்தேன்.

அடுத்து நீங்கியது எண். என் கணவரின் கொள்ளுப்பாட்டி ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்து இறங்கியவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற முதல் கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரில் ஒருவர். கப்பல் பதிவேட்டில் அவருக்கும் ஓர் எண் உண்டு. மோலியின் 11ஐயும் பாட்டியின் எண்ணையும் அருகருகே வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். சான்றில் இல்லாத 'சொந்த ஆய்வு' என்று நீக்கினார்கள். இந்த முறை நான் கோபப்படவில்லை. யோசித்தபோது ஒப்பீடே தவறு என்று பட்டது. 11 என்பது குழுவின் எண். அந்த வண்டியை இழுத்த ஒவ்வோர் ஆணும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பாட்டிக்குக் கொடுத்தது சரக்கு மூட்டையில் எழுதுகிற எண்.

நீக்க முடியாதென்று நான் மல்லுக்கு நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். 'மோலி ஓர் அடிமை' என்று யாரோ முதல் வரியை மாற்றியிருந்தார். 'அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர்' என்று திருப்பி எழுதினேன். நீட்டி முழக்குகிறீர்கள் என்றார்கள். அடிமை என்பது அவர் பார்த்த தொழில் அல்ல, வேறொருவர் அவருக்குச் செய்தது. செய்தவரை ஒளித்துவைக்கும் சொல் எனக்கு வேண்டாம் என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற உரையாடல் பக்கத்தில் எழுதினேன். நியூயார்க்கில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்று என்ற வரியையும் சான்றோடு சேர்த்தேன். இரண்டும் நின்றுவிட்டன.

இடையில் மின்வெட்டு வேறு. சேமிக்காமல் விட்ட மூன்று மணி நேர வேலை ஒரு நொடியில் போனது. அதை எழுதினால் இங்கே எல்லோரும் அவரவர் கதையைத் தொடங்கிவிடுவீர்கள், விடுங்கள்.

லெனேசியாவிலிருந்து:

அக்கா, உங்கள் கட்டுரைக்கு 'குறிப்பிடத்தக்கவரா?' என்ற பலகை மாட்டவில்லையா? என்னுடையதற்கு மாட்டினார்கள்.

டர்பனிலிருந்து:

மாட்டாமல் விடுவார்களா தம்பி. ஒரே நிகழ்ச்சியால் அறியப்பட்டவருக்குத் தனிக் கட்டுரை எதற்கு என்று கேட்டார்கள். அமெரிக்கத் தீயணைப்பு வரலாற்று நூல்களையும் கறுப்பினத்தார் வரலாற்று நூல்களையும் பக்க எண்ணோடு வரிசையாக வைத்தேன். பத்தாம் நாள் பலகையைக் கழற்றினார்கள்.

லெனேசியாவிலிருந்து:

அப்படியென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்த வரைவைப் போதிய சான்று இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அக்டோபர் 2இல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். அன்றுதான் பக்கம் பிறந்தது. நோபல் வாங்கினால்தான் பக்கம் என்றால் நம் ஆட்கள் எல்லாம் எங்கே போவது?

டோங்காட்டிலிருந்து:

இதைப் படித்ததும் எனக்குப் பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கு முன் தோகையை எரிப்பது உங்களுக்குத் தெரியும். துணி காயப்போட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சில குளிர்காலங்களுக்கு முன் ஒரு பகல், காற்று திடீரென்று திரும்பியது. நெருப்பு வரப்பைத் தாண்டிக் காய்ந்த புல்வெளிக்குள் இறங்கிவிட்டது. காட்டுத்தீ அணைக்கிற வொர்க்கிங் ஆன் ஃபயர் என்ற அரசுத் திட்டத்தின் குழு ஒன்று மஞ்சள் சட்டையில் வந்து இறங்கியது. கட்டளை போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுலு மொழியில் அவர் குரல் கொடுத்த மறுநொடி ஆட்கள் வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். அவர்கள் கையில் இருந்தது நீளக் கழி. முனையில் தடித்த ரப்பர்ப் பட்டை. நானும் ஒன்றை வாங்கி ஓங்கி அடித்தேன். பொறி பறந்து பக்கத்துப் புல்லில் விழுந்தது. அவர் வந்து கழியைப் பிடுங்காமல், என் கையோடு சேர்த்துப் பிடித்து, பட்டையைத் தீயின் மேல் மெதுவாக வைத்து அமுக்கி இழுத்துக் காட்டினார். "அடிக்காதீர்கள் மாமா, மூச்சை அடையுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியேறினார்கள்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பெயர் தெரியும், ஊர் தெரியும், ஆனால் ஒரு செய்தித்தாள்கூட அவரைப் பற்றி எழுதியதில்லை. சான்று இல்லாத இடத்தில் என் தோள்வலியையா மேற்கோளாகப் போடுவது? கடைசியில் திட்டத்தைப் பற்றி எழுதினேன்: 2003இல் தொடங்கியது, வேலையில்லாத இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது, 2016இல் கனடாவின் அல்பர்ட்டா காட்டுத்தீக்குச் சுமார் 300 பேரை அனுப்பியது. அந்தப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உறுத்துகிறது.

கேப்டவுனிலிருந்து:

சான்று என்றதும் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. மலைச்சரிவில் கிளம்பிய தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி ஜாக்கர் நூலக வாசிப்பறையை எரித்தது. தடுப்புக் கதவுகள் தாமாக இறங்கியதால் நூலகத்தின் மற்றப் பகுதிகள் தப்பின. அடித்தளத்துச் சேமிப்பறைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. பிறகு தன்னார்வலர்களோடு வரிசையில் நின்று பிளாஸ்டிக் கூடைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். என் கைக்கு வந்த ஒரு கூடையில் நனைந்து உப்பிய கட்டு ஒன்று; ரொட்டி மாவுபோல் இருந்தது. எந்தக் கிராமத்து யாருடைய பெயரோ அதற்குள். அருகில் நின்ற பெண், "பிரிக்காதீர்கள், அப்படியே உறைய வைப்பார்கள்" என்றார். ஈரத்தாளைப் பூசணம் பிடிக்காமல் காக்க அதுதான் வழியாம். மேற்கோள் கேட்பவர்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றோடு கொஞ்சம் குறைந்தது.

வெருலத்திலிருந்து:

அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையில் ஒரு குறை. கட்டுரையில் 'தீயணைப்பு வீராங்கனை' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கனை என்றாலே பெண் என்று பொருள். 'வீரர்' என்பதன் இறுதி 'ர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மருத்துவரை மருத்துவாங்கனை என்றும் ஆசிரியரை ஆசிரியாங்கனை என்றும் யாராவது சொல்கிறோமா? நெருப்புக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

டர்பனிலிருந்து:

ஐயா, இலக்கணம் உங்கள் பக்கம், மீசை என் பக்கம். 'வீரர்' என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் வருவது அந்த அட்டைக்காரர்தான். ஆனாலும் உங்கள் சொல்லை மதித்து, கட்டுரையின் உள்ளே 'தீயணைப்பு வீரர்' என்று மாற்றிவிட்டேன்; முதல் வரியில் மட்டும் 'அறியப்பட்ட முதல் பெண் தீயணைப்பு வீரர்' என்று வைத்திருக்கிறேன். 'அறியப்பட்ட' என்பதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்பும் யாராவது வடம் பிடித்திருக்கலாம்.

அட்டைக்கு வேறு ஏற்பாடு. அந்தச் சிறுமியே ஒரு புது அட்டை வரைந்து கொண்டுவந்தாள். கட்டம் போட்ட ஏப்ரன், இரண்டு கையிலும் வடம், பின்னால் சிவப்பு வண்டி. பனியை எப்படி வரைவது என்று தெரியாமல் வெள்ளைத்தாளை அப்படியே விட்டுவிட்டாளாம். டர்பன் பிள்ளை, பனியை எங்கே கண்டாள்? கலைக்களஞ்சியத்தில் படத்துக்கான கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த அட்டையை அங்கே ஏற்ற விடமாட்டார்கள் என்று எனக்கு இப்போது தெரியும்.

வெருலத்திலிருந்து:

நல்லது அம்மா. இன்னொன்று: 'ஓஷியானஸ்' என்று நீங்கள் எழுதியதை யாரோ 'ஓசியானசு' என்றும், 'வில்லியம்ஸ்' என்பதை 'வில்லியம்சு' என்றும் ஆக்கியிருக்கிறார்கள். கிரந்தம் வேண்டாம் என்பவர்கள்போல. நேற்று இரவு உட்கார்ந்து பழையபடி மாற்றிவிட்டேன்.

டர்பனிலிருந்து:

பார்த்தேன் ஐயா. காலை 6 மணிக்கு அவர் மறுபடி மாற்றிவிட்டார்.