அமெரிக்காவில் படைவீரர் நாளான நவம்பர் 11 அன்று யாருடன், எந்தப் படம் பார்த்தீர்கள்?

காகிதக்கப்பல்:
எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். படைவீரர் நாளன்று அவருடைய மனைவி எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். பிறகு ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ பார்த்தோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் மூன்று பேர் ஒரே டாக்சியில் வீடு திரும்புவார்களே, அந்த இடம். தன் வீடு நெருங்கியதும் ஹோமர், முதலில் எங்காவது போய்க் கொஞ்சம் குடித்துவிட்டு வரலாமே என்பான். பெரியவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். “நானும் என் வீட்டைத் தாண்டித் தெருமுனைவரை போய்விட்டேன்” என்றார். அவ்வளவுதான், மறுபடி ஓடவிட்டார். அவர் மனைவி திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஹோமராக நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் ராணுவப் பயிற்சியில் வெடி வெடித்து இரண்டு கைகளையும் இழந்தவர். படத்தில் கைகளுக்குப் பதிலாக அவர் மாட்டியிருக்கும் கொக்கிகள் ஒப்பனை அல்ல. ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கார் பெற்றவர் அவர்.

பிற்பகல்:
நல்ல படம்தான். ஆனால் சண்டையே காட்டாத படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவது எளிது. 1998-இல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ வந்தபோது அரங்கில் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை இறங்கிய பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் படகின் முன்கதவு இறங்கியதும் எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவரின் தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த பையன் “போய்விடலாமா தாத்தா?” என்று கேட்டான். “நீ பார்” என்றார் அவர். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை. 2004-இல் இதே படைவீரர் நாளில் ஏபிசி தொலைக்காட்சி அந்தப் படத்தை வெட்டில்லாமல் ஒளிபரப்பியபோது, வசைச்சொற்களுக்கு அபராதம் வருமென்று அஞ்சி அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் காட்ட மறுத்தன. அவர்கள் பட்டதை நாம் பார்க்கக்கூடக் கூடாதா?

மேற்குத்திசை:
பிற்பகல் அவர்களே, அந்தப் படம் வந்தபோது படைவீரர் நலத்துறை தொலைபேசி ஆலோசனைக்குக் கூடுதல் ஆட்களை அமர்த்த வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னாள் வீரர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் நான் செவிலியாக இருந்தேன். அங்கேயும் இதே படத்தைப் போட்டோம். கடற்கரைக் காட்சி முழுவதும் அசையாமல் இருந்த ஒருவர், மருத்துவ வீரன் வேட் குண்டடிபட்டு அம்மாவைக் கூப்பிடும்போது சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

ஆகவே, வீட்டில் போடுபவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் படம் என்பதை முன்பே சொல்லி, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். எழுந்து போக வழியிருக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். போனால் பின்னாலேயே ஓடாதீர்கள், சற்றுப் பொறுத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். வசனத்தைத் திரையில் காட்டும் எழுத்து வரிகளைக் கட்டாயம் போடுங்கள்: காதிரைச்சல் முன்னாள் வீரர்களிடம் மிகப் பரவலான குறை, ஒலியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். “உண்மையில் இப்படித்தான் இருந்ததா?” என்று நடுவில் கேட்காதீர்கள். இன்னொன்று: போரில் இறந்தவர்களுக்கான நாள் மே மாதத்தின் கடைசித் திங்கள். ‘டேக்கிங் சான்ஸ்’ போல உடலை ஊர் கொண்டு சேர்க்கும் படம் அன்றைக்குத்தான் பொருந்தும். நவம்பர் 11 முதல் உலகப் போர் நின்ற நாள். ‘போர்நிறுத்த நாள்’ என்ற பெயர் 1954-இல் மாறியதிலிருந்து அது பணியாற்றிய எல்லோருக்கும் உரியது. உயிரோடு நம் எதிரில் இருப்பவருக்கு ஏற்ற படமாகப் பாருங்கள்.

நெடுவழி:
தண்ணீர் கொடுப்பதெல்லாம் சரி சகோதரி, ஆனால் எல்லோரையும் நோயாளியாக நினைக்க வேண்டாம். என் அக்காவின் கணவர் ஈராக்கில் இருந்தவர். ‘தி ஹர்ட் லாக்கர்’ பார்க்கும்போது வெடிகுண்டு அகற்றும் காட்சிகளைப் பார்த்துக் கோபப்பட்டார். எந்தக் குழுவும் இப்படித் தனியாகச் சுற்றாது, இவ்வளவு விதி மீறினால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நாயகன் ஊர் திரும்பிக் கடையில் தானியப் பெட்டிகள் அடுக்கிய நீண்ட வரிசைக்கு முன்னால் எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்கும் இடத்தில் பேச்சு நின்றது. பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். “இது மட்டும் சரி” என்றார். அக்கா உடனே, “அதனால்தான் கடைக்கு வரமாட்டேன் என்கிறீர்களா?” என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். பிறகு அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். நடுவில் கேட்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது போன்ற கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.