புற வல்லுநராகப் போய் வந்தவர்கள்: மறக்க முடியாத ஒரு கோப்பு

வைகைக்கரை:

பல்கலைக்கழக ஆசிரியர்களின் பதவி உயர்வை முடிவு செய்யும் பணி மேம்பாட்டுக் குழுவுக்கு, வெளியிலிருந்து போகும் புற வல்லுநராகப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதனால் நடைமுறையை விளக்கப் போவதில்லை. 2022இல் நடந்த ஒன்றை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

தமிழ்த்துறை. இணைப் பேராசிரியரிலிருந்து பேராசிரியர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். அலுவலகக் கணக்கில் விண்ணப்பித்த அம்மையாருக்கு 104, அவர் கணக்கில் 114. இடையிலிருந்த பத்து, அவர் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்து தயாரித்த ஓலைச்சுவடி விளக்க அட்டவணைக்கு. நூல் என்று ஒப்புக்கொண்டால் பத்து, இல்லையென்றால் ஒன்றுமில்லை. பதிப்பகம் கிடையாது, ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண் கிடையாது. துறையிலேயே படியெடுத்துக் காலிகோ கட்டிய நானூற்றுச் சொச்சம் பக்கம். "இது நூலா, பதிவேடா என்று வல்லுநர்கள்தாம் சொல்ல வேண்டும்" என்று புலத்தலைவர் அதை எங்கள் பக்கம் தள்ளினார்.

அன்று காலையும் சுவடி அறையிலிருந்துதான் அவர் வந்திருக்க வேண்டும். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வலது கட்டைவிரல் மட்டும் கருப்பு. ஏட்டில் எழுத்துத் துலங்குவதற்கு விளக்குக்கரி தடவுவோமே, அந்தக் கருப்பு. விரலை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டார். நான் புரட்டிய பக்கத்தில் ஒரு மருத்துவச் சுவடியின் பதிவு: ஏடுகள் 62, 17ஆம் ஏடு இல்லை, 40ஆம் ஏட்டின் வலப்பக்கம் செல்லரித்தது, முதல் வரி, கடைசி வரி. பக்கத்தின் ஓரத்தில் கரி ரேகை ஒன்று பதிந்திருந்தது. அந்த ஆண்டு என் மேசைக்கு வந்த எந்த ஆய்வேடும் அதன் அருகில் நிற்காது.

உடன் வந்த வல்லுநர், "மானியக் குழுவின் அட்டவணையில் இந்த அட்டவணைக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். துணைவேந்தர் என்னைப் பார்த்து, "ஐயா என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். எனக்கு 4.10க்கு ரயில். வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "விதிப்படி பார்த்தால்..." என்று இழுத்தேன். அந்த இழுப்பு போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

தேறாதவர் ஓராண்டு கழித்துத்தான் மறுபடி வர முடியும். தேறினாலும் அந்தப் பிந்திய தேதியிலிருந்துதான் உயர்வு. அது அவருக்கு எத்தனை ரூபாய் என்று ஒருநாள் இரவு கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பனிமூட்டம்:

நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே புற வல்லுநர் நேரில் போவதில்லை, மதிப்பீட்டுக் கடிதம்தான். 1990இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக வழக்கில், பாகுபாட்டுப் புகார் என்று வந்தால் இந்தக் கடிதங்களை மறைத்து வைக்கத் தனிச்சலுகை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனாலோ என்னவோ, எல்லோரும் தேன் தடவித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு பெண்ணைப் பற்றிச் "சீரான ஆய்வு" என்று எழுதினேன். "உங்கள் துறையில் இவருக்கு நிரந்தரப் பணி கிடைக்குமா?" என்ற கேள்விக்குக் "கிடைக்கக்கூடும்" என்று பதில் போட்டேன். என் ஆசிரியர் வாயிலிருந்து "பரவாயில்லை" என்று ஒரு சொல் வந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கும். நான் வளர்ந்தது அப்படி.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாநாட்டில் காபி வரிசையில் எனக்கு முன்னால் அந்தப் பெண். வேறு ஊருக்கு மாறிவிட்டார். "ஒரே ஒரு கடிதம் வெதுவெதுப்பாக இருந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாராக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று என்னிடமே கேட்டார். சர்க்கரை போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நான் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை.

அமிலக்குடுவை:

வைகைக்கரை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கரி விரலுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால், நாளைக்குக் கரியே படாத விரலுக்கும் போடச் சொல்லிச் சிபாரிசு வரும். நீங்கள் செய்ததுதான் சரி. உறுத்தல் வேறு, தவறு வேறு.

எனக்கும் ஒன்று உண்டு. 2018 மே மாதம் மானியக் குழு தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது நினைவிருக்கும். ஒருவருடைய ஆறு கட்டுரைகள் அப்படி நீக்கப்பட்ட ஓர் இதழில். "வெளிவந்தபோது பட்டியலில் இருந்தது ஐயா" என்றார். தேதி பார்த்தோம், உண்மை. மதிப்பெண் கொடுத்தோம். அதில் ஒரு கட்டுரையில் வரைபடத்தின் இரண்டு அச்சுகளுக்கும் அலகே இல்லை! நேரமா, வெப்பமா, கிலோ கத்தரிக்காயா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தும் அந்த வரைபடம் கண்ணில் நின்றது. ஆனாலும் விதி விதிதான். இப்போது 2025 பிப்ரவரியில் கேர் என்ற இதழ்ப் பட்டியலையும் கைவிட்டுவிட்டார்கள். இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வல்லுநரின் மனம்போல் விட்டால் என்ன ஆகும் என்று இனிப் பாருங்கள்.

பனிமூட்டம், "சீரான" என்பது பாராட்டுத்தான். தப்பு வாசித்தவர்களுடையது.

ஓய்வூதியன்:

ஒரு ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் விண்ணப்பதாரரே காரோடு நிற்கிறார், கையில் ஒரு கிலோ அல்வா. ஆட்டோவில் போனேன். அவ்வளவுதான் என் கதை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். கோப்பைப் பத்து நாள் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் வைத்துப் புரட்டினால் விரல்தான் தெரியும், விஷயம் தெரியாது. கூட்டுக் கட்டுரைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: இருவர் எழுதியதென்றால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவர்கள் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. எனக்கு வந்த கோப்புகளில் பாதி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு வந்தவை. மாறுபட்ட கருத்து இருந்தால் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிய பிறகே கையெழுத்து. "பிறகு சேர்த்துக்கொள்ளலாம் ஐயா" என்பார்கள், சேர்க்க மாட்டார்கள். அன்றே திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பயணப்படிக்கு டிக்கெட் நகல், வங்கிக் கணக்கு எண், ரத்து செய்த காசோலை மூன்றையும் கையோடு கொடுத்துவிடுங்கள். எனக்கு ஓர் இடத்திலிருந்து பதினான்கு மாதம் கழித்து வந்தது, அதுவும் 38 ரூபாய் குறைவாக. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். நடுவில் கொடுக்கும் பிஸ்கட் வெறும் மைதா.

ஏட்டுப்பூச்சி:

அந்த அட்டவணை எங்கே கிடைக்கும்? என் மாணவி ஒருத்தி மருத்துவச் சுவடிகளில்தான் வேலை செய்கிறாள்.

வைகைக்கரை:

துறை அலமாரியில் மூன்று படிகள் பார்த்தேன். ஊர் பெயரைத் தனியே எழுதி அனுப்புகிறேன். நேரில் போய்க் கேட்டால் அம்மையாரே எடுத்துக் கொடுப்பார்.

அமிலக்குடுவை ஐயா, கரிக்கு மதிப்பெண் கேட்கவில்லை. அது நூலா என்று முடிவு செய்யும் பொறுப்பை எங்களிடம்தான் விட்டிருந்தார்கள். விதியை மீற வேண்டிய தேவையே இல்லை. "நூல்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஓய்வூதியன் ஐயா, பயணப்படி ஒரே மாதத்தில் முழுதாக வந்துவிட்டது. ரயில் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அந்த 4.10 அன்றைக்கு ஐந்தரைக்குத்தான் வந்தது.