ஆச்சியின் வேதாகமத்தில் பென்சில் எழுத்து: உங்கள் வீட்டில் விசுவாசம் எப்படிக் கைமாறியது?

இடையன்குடிப் பேத்தி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன மாதம் ஊரில் பழைய வீட்டை ஒதுங்க வைத்தபோது ஆச்சியின் வேதாகமம் என் கைக்கு வந்தது. அட்டை பிய்ந்து, காக்கித் துணி வைத்துக் கையால் தைத்திருந்தது. ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவர். விரலை வரியின் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித்தான் வாசிப்பார். அதில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

121-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில், "பெரியவன் பம்பாய் போறான்" என்று எழுதி ஒரு தேதி. சின்ன அத்தை பிரசவத்துக்கு வந்த நாள் வேறோர் இடத்தில். 91-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் என் பெயர், கீழே "காய்ச்சல், 11 நாள்". எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. ஆச்சி கஞ்சி கொடுத்ததும் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் நினைவிருக்கிறது. பதினொரு நாளும் அவர் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தார்சாவில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எங்களுடையது பனையேறிக் குடும்பம். மிஷனரி கால்டுவெல் ஐயர் (பாதிரியாரை எங்கள் ஊரில் ஐயர் என்போம்) 1841-இல் திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்கு வந்தார். அந்தக் காலத்திலேயே எங்கள் முன்னோர் சபையில் சேர்ந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். ஐயர் கட்டிய பெரிய கோவில் 1880-இல் பிரதிஷ்டை ஆனது. ஆனால் எனக்கு விசுவாசம் வந்தது அந்தக் கோவிலின் உயரத்தைப் பார்த்து இல்லை. விடியக்காலம் தாத்தா இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பனை மூட்டுக்குப் போவார். ஏறுமுன் மரத்தில் ஒரு கையை வைத்துக் கண்ணை மூடுவார். "ஆண்டவரே, ஏறி இறங்கக் கிருபை தாரும்." அவ்வளவுதான் ஜெபம். பதநீர்க் காலத்தில் ஒவ்வொரு பனைக்கும் ஒரு தடவை. கலயத்தோடு கீழே நிற்கும் எங்களைக் கண்ணை மூடச் சொல்லமாட்டார். நாங்களாகவே மூடிக்கொள்வோம்.

அப்புறம் பிடி அரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஆச்சி ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. பிள்ளைகளின் கையால் எடுக்க வைப்பார், அப்போது பிடி சின்னதாக இருக்கும். இந்த மண்ணின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா பேராயர், 1903-இல் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது, ஊழியம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆச்சியின் அரிசி டப்பாதான் கண்முன் வந்தது.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள். நான் என் பெண்ணுக்கு என்ன வைத்துவிட்டுப் போகப்போகிறேன் என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்பத்தூர் அப்பா

சிஸ்டர், வாசித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை. என் கதை வேறு மாதிரி.

பையனுக்குப் பதினாறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் வரலப்பா" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் தாத்தா உபதேசியார், அப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர், என் பிள்ளை வரமாட்டேன் என்பதா என்று கத்தினேன். பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். ஆராதனை முழுக்கத் தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. குடும்ப ஜெபத்தில் அவன் முறை வரும்போது வசனத்தை வேகமாக வாசித்துத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான்.

ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "நீங்க அவனுக்காக ஜெபிக்கிறீங்களா, அவன்கிட்ட சண்டை போடறீங்களா?" நான் ஜெபத்திலேயே அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, கீழ்ப்படியாத பிள்ளைகளைத் திருத்தும்" என்று அவன் காதில் விழும்படி சத்தமாக. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது. அதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிற ஒரு சொத்துதானே. அன்றிரவு அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இனி கட்டாயம் இல்ல. ஒன்பது மணிக்கு நாங்க ஜெபம் பண்ணுவோம், கதவு திறந்திருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கோவிலுக்குப் போகிறானா என்று நான் கேட்பதில்லை. போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தான். மறுநாள் ஏதோ நேர்முகத் தேர்வு. "அப்பா, ஜெபம் முடிஞ்சிருச்சா?" என்றான். "இல்லப்பா, இப்பத்தான் தொடங்கறோம்" என்றேன். உண்மையில் முடித்துப் பாயைச் சுருட்டியாகிவிட்டது. மறுபடி விரித்தோம். போனை நடுவில் வைத்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை, கடைசியில் ஆமென் மட்டும் கேட்டது.

முத்துநகர் மீனா

இயேசுவுக்கே புகழ். நாங்கள் தூத்துக்குடி, கத்தோலிக்கர். எங்கள் கடற்கரைக்கு 1542-இல் புனித சவேரியார் வந்தார். தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மாற்றிய செபங்களை மனப்பாடம் பண்ணவைத்து, அதைப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு! என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அம்மா இருந்தவரை ஏழு மணிக்கு செபமாலை தப்பாது. அவர் போனபின் விட்டுப்போனது. வேலை, டிவி, அசதி. என் சின்ன மகள் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கத் தயாரான வருஷம், மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்து, "அம்மா, எல்லாரும் வீட்ல சொல்றாங்களாம், நாம ஏன் சொல்றதில்ல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அலமாரியில் அம்மாவின் மரச் செபமாலை இருந்தது. ஒரு மணி தேய்ந்து பாதியாகியிருந்தது. அதை அவள் கையில் கொடுத்தேன். இப்போது அவள்தான் தொடங்குகிறாள், நான் பின்னால் சொல்கிறேன். பனிமய மாதா கொடியேற்றத்துக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதெல்லாம் வீண்போகவில்லை என்று நினைக்கிறேன்.

புதிய விசுவாசி, கோவை

அக்கா, உங்கள் எல்லாருக்கும் தாத்தா, ஆச்சி என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள், ஞானஸ்நானம் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. மாமியார் வீட்டில் விளக்கேற்றிச் சாமி கும்பிடுவார், அன்பானவர், எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் என் இரண்டு பிள்ளைகளுக்கு எதை எங்கிருந்து கொடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் பழைய வேதாகமம்கூட இல்லை.

இடையன்குடிப் பேத்தி

தங்கச்சி, இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது, உன் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே விசுவாசத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் பாட்டியின் இடம்தான் உங்கள் இடம். மாமியாரோடு சண்டை இல்லை என்கிறீர்களே, அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இன்றைக்கு ராத்திரி இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, அவர்கள் காதில் விழுகிற மாதிரி ஒரே ஒரு வரி ஜெபியுங்கள். நாளைக்கும். வேதாகமம் புதிதாக இருந்தால் ஓரமெல்லாம் வெறுமையாகத்தானே இருக்கும், எழுத நிறைய இடம் இருக்கிறது.

நேற்று நானும் ஒரு பென்சில் சீவினேன். என் பெண்ணுக்கு இன்றைக்குக் கணக்குப் பரீட்சை, பயந்துபோயிருந்தாள். ஆச்சியின் வேதாகமத்தில், 121-ஆம் சங்கீதத்தில், பெரியப்பா பம்பாய் போன தேதிக்குக் கீழே அவள் பெயரை எழுதப்போனேன். "நானே எழுதறேம்மா" என்று பென்சிலை வாங்கிக்கொண்டாள். பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில், "ஆச்சி, நான் உங்க கொள்ளுப்பேத்தி" என்று எழுதினாள்.